கைகொட்டிய கொட்டகை

சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். இங்கிலாந்தில் தானியமும் தட்டுமுட்டுச் சாமானும் அடைத்துக் கிடந்த ஒரு கிடங்கு 18-ஆம் நூற்றாண்டு நாடக அரங்கம் என்று தெரியவந்து, இன்று மறுபடியும் அதில் நாடகம் நடக்கிறது என்ற வரி. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் மற்றக் கேள்விகளை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன். இன்று முழுக்கக் கொட்டகைதான்.

கே: “இது வெறும் கிடங்கு இல்லை, ஒரு காலத்தில் இங்கே நாடகம் நடந்தது” என்று ஊர்க்காரர்கள் சொன்னால் நம்பலாமா? (வாசகர், சிதம்பரம்)

ப: நம்புங்கள். நம்பிய கையோடு ஒரு ஏணியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஊர்ப்பேச்சு சாட்சி சொல்லும். தீர்ப்பைச் சுவரில்தான் தேட வேண்டும்.

கே: அந்த இங்கிலாந்துக் கட்டடத்தின் கதையை முழுதாகச் சொல்லுங்களேன். (வாசகி, கும்பகோணம்)

ப: ஊர் ரிச்மண்ட். லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் அல்ல. வடக்கே யார்க்‌ஷரில், ஸ்வேல் ஆற்றின் மேலே ஒரு கோட்டையைச் சுற்றி அமைந்த சிறிய ஊர். சாமுவேல் பட்லர் என்ற நடிகர் சொந்தமாக ஒரு நாடகக் கம்பெனி வைத்திருந்தார். ஹாரகேட், ரிப்பன், நார்தலர்ட்டன், பெவர்லி, விட்பி, கெண்டல் என்று ஊர் ஊராகச் சுற்றும் கம்பெனி. ரிச்மண்டில் அவர் கட்டிய அரங்கம் 1788 செப்டம்பர் 2 அன்று திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கல்சுவர், சாய்ந்த கூரை, அலங்காரம் எதுவும் இல்லை. தெரியாதவர் யாரும் தானியம் அடைக்கும் இடம் என்றுதான் சொல்வார். உள்ளே போனால் நடுவில் ‘குழி’ என்று அழைக்கப்பட்ட தாழ்ந்த பகுதி, மூன்று பக்கமும் மரத்தடுப்பு போட்ட பாக்ஸ் இருக்கைகள், அவற்றின்மேல் நாடகாசிரியர்களின் பெயர்கள், அதற்கும் மேலே காலரி. மேடைக்கும் கடைசி இருக்கைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. நடிகர் பெருமூச்சு விட்டால் காலரிக்காரருக்குக் கேட்கும்.

பட்லர் 1812-இல் இறந்தார். மகன் 1830 வரை ஓட்டினார். 1848 வாக்கில் குழியைப் பலகையால் மூடி, கீழே ஒயின் வைக்கும் நிலவறைகளும் மேலே ஏலக் கூடமுமாக மாற்றினார்கள். பிறகு தானிய வியாபாரியின் சரக்கு வந்தது, மேசை நாற்காலி வந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய சாமான் சேகரிப்பும் வந்தது. 1960-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 1963-இல் திரை மறுபடி எழுந்தது. 2003-இல் இன்னொரு முறை கவனமாகப் பழுது பார்த்தார்கள். இன்றைக்கு அதன் பெயர் ஜார்ஜியன் தியேட்டர் ராயல்.

நூறு ஆண்டுக்கு மேல் கிடங்காக இருந்த கட்டடத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைப்பீர்கள். டிக்கெட் கொடுக்கும் சிறு அறை அப்படியே இருந்தது. காலரியின் உதைப்பலகைகளும் இருந்தன. அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கே: நன்றாக ஓடிய அரங்கத்தை ஏன் கைவிட்டார்கள்? (வாசகர், விருதுநகர்)

ப: 1815-இல் நெப்போலியனோடு நடந்த போர் முடிந்தது. போர்க் காலத்து விளைச்சல் விலை விழுந்தது. பண்ணைக்காரர் கை இறுகியது. ஊர்களில் தங்கியிருந்த பட்டாளங்கள் கலைந்தன. மாலையில் பாக்ஸ் டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பகுதி இவர்கள்தாம். ஒரு சின்ன ஊர் அரங்கம் தனியாக வாழவில்லை, சுற்றுப்பாதையாக வாழ்ந்தது. பாதையில் நாலு ஊர் படுத்தால் ஐந்தாவது ஊருக்குக் கம்பெனி வராது. வண்டி மாடு வராத ஊரில் சத்திரம் மூடுவது போலத்தான்.

கே: 1788 என்ற ஆண்டில் ஏதாவது விசேஷம் உண்டா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 1737-இல் ஒரு சட்டம் வந்தது. அரச அனுமதியோ உரிமமோ இல்லாமல் கூலிக்கு நடிப்பவர் சட்டத்தின் கண்ணில் போக்கிரி, நாடோடி. ஒரு ஆட்டத்துக்கு 50 பவுண்டு அபராதம். லண்டனுக்கு வெளியே நடித்தவர்கள் ஐம்பது ஆண்டுக் காலம் இந்தக் கத்தியின் கீழேதான் நடித்தார்கள். வழியும் கண்டுபிடித்தார்கள். “டிக்கெட் பாட்டுக் கச்சேரிக்கு, கச்சேரியின் இரண்டு பகுதிக்கு நடுவில் வரும் நாடகம் இலவசம்.” பிற்காலத்தில் இங்கிலாந்தே கொண்டாடிய டேவிட் காரிக் 1741-இல் லண்டன் குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் அரங்கில் மூன்றாம் ரிச்சர்டாக முதல்முதல் தோன்றியது இப்படி ஒரு இலவச இடைவேளையில்தான்.

1788-இல் சட்டம் தளர்ந்தது. உள்ளூர் நீதிபதிகளே 60 நாள் வரை நாடகத்துக்கு உரிமம் தரலாம் என்றானது. திருட்டுத்தனமாக ஒதுங்கிய கலைக்கு நெஞ்சை நிமிர்த்திக் கட்டடம் கட்டும் தைரியம் வந்தது. ரிச்மண்ட் அரங்கம் திறந்ததும் அதே ஆண்டு. இங்கிலாந்தின் ஏதோ ஒரு சந்தை ஊரில் “எங்கள் கிடங்கு பழைய தியேட்டர்” என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்கும் கேள்வி கட்டடத்தின் வயது. 1788-க்கும் 1830-க்கும் இடைப்பட்டது என்றால் நிமிர்ந்து உட்காருவேன்.

கே: அதற்கு முன்னால் எங்கே நடித்தார்கள்? (வாசகி, திண்டுக்கல்)

ப: சத்திரத்து முற்றம், ஊர் மண்டபம், தானியக் கொட்டகை. கொட்டகையை ஏன் விரும்பினார்கள் என்பதற்கு அதன் அமைப்பே பதில். இங்கிலாந்தில் மழையும் குளிரும் அதிகம். நம்மைப் போல வெட்டவெளிக் களத்தில் கதிரடிக்க முடியாது. கதிரை உள்ளே அடுக்கி வைத்துக் குளிர்காலம் முழுக்க அடிப்பார்கள். நடுவில் கெட்டியான அடிதளம். அதன் இரு புறமும் எதிரெதிரே வண்டி நுழையும் உயரத்துக்குக் கதவுகள். இரண்டையும் திறந்தால் குறுக்கே காற்று ஓடும், பதர் பறக்கும். கோடைக்குள் அடிப்பு முடிந்துவிடும். அடுத்த அறுவடை வரைக்கும் அத்தனை பெரிய கூரைக்கு அடியில் ஒன்றும் இல்லை. கெட்டித் தளம், உயரக் கூரை, அகலக் கதவு. நாடகக்காரர் கேட்பது இந்த மூன்றையும்தானே?

வில்லியம் ஹோகார்த் 1738-இல் வெளியிட்ட ஒரு செதுக்கோவியத்தில் சுற்றுக் கம்பெனி நடிகைகள் ஒரு தானியக் கொட்டகைக்குள் வேடம் போடுகிறார்கள். துவைத்த துணி மேடை மேகத்தின்மேல் காய்கிறது. கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள் ஒருத்தி. அவர்களை நாடோடிகள் என்று தள்ளிய சட்டத்தின் பிரதியும் அந்தக் குப்பைக்குள் கிடக்கிறது. முந்தின ஆண்டு வந்த சட்டம் அது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தையின் மேல்தான் கண் போகும்.

கே: நமக்கு மாட்டுக் கொட்டகையும் கொட்டகைதான், சினிமாக் கொட்டகையும் கொட்டகைதான். இதில் அவர்கள் ஏன் இவ்வளவு ஆச்சரியப்படுகிறார்கள்? (வாசகர், காரைக்குடி)

ப: இந்த வாரத்தின் முதல் பரிசு உங்களுக்கு. அவர்கள் மொழியில் தானியம் வைக்கும் இடத்துக்கு ஒரு சொல், நாடகம் பார்க்கும் இடத்துக்கு வேறு சொல். ஒன்று இன்னொன்றாக இருந்தது என்றால் அதிசயம். நம் மொழியில் இரண்டும் ஒரே கூரை. கீற்றுக் கொட்டகையோ தகரக் கொட்டகையோ, உள்ளே மாடு நின்றால் மாட்டுக் கொட்டகை, ராஜபார்ட் நின்றால் நாடகக் கொட்டகை. ‘களம்’ என்ற சொல்லையும் பாருங்கள். நெல் அடிப்பது களம், ஆடுவது ஆடுகளம், பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் துரியோதனனின் பெரிய மண்ணுருவம் மல்லாந்து கிடக்கும் இடம் படுகளம். உழவும் கூத்தும் ஒரே தரையில் நடந்த ஊர்களின் மொழி இது.

ஆங்கிலத்திலும் ஒரு சொல் இந்த உறவை நினைவு வைத்திருக்கிறது: பார்ன்ஸ்டார்மர். தானியக் கொட்டகைகளில் நடித்துத் திரிந்த நடிகருக்கு வைத்த பெயர். முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஊர் ஊராக விமானத்தில் சாகசம் காட்டியவர்களுக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது.

கே: கிடங்குக்கும் அரங்கத்துக்கும் ஒரே வித்தியாசம் சொல்லுங்கள். (வாசகர், ஈரோடு)

ப: கிடங்கின் சுவர் காற்றைக் கூப்பிடும். அரங்கத்தின் சுவர் வெளிச்சத்தைத் துரத்தும்.

கே: ஒரே வித்தியாசம் போதாது. ஏணியும் டார்ச்சும் கொண்டுபோய் எதைப் பார்ப்பது? (வாசகி, நாகர்கோவில்)

ப: முதலில் சுவரில் உத்தரம் செருகிய குழிகளைப் பாருங்கள். மேல்தளம் இருந்த அடையாளம் என்றவுடன் “காலரி!” என்று குதிக்கக் கூடாது, வைக்கோல் பரணுக்கும் உத்தரம் உண்டு. குழிகள் ஒரே மட்டத்தில் இருந்தால் பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்படியாக உயர்ந்துகொண்டே போனால் உங்கள் இதயம் வேகமாக அடிக்கலாம். வைக்கோல் யார் தலையையும் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அதற்குச் சாய்ந்த தரை எதற்கு?

அடுத்து, சுவரின் மேல்பூச்சு. தானியத்துக்காக யாரும் சுவரில் வண்ணக் கோடு இழுக்கவோ காகிதம் ஒட்டவோ மாட்டார்கள். கணப்பு இருந்த மூலை உண்டா? காய்ந்த கதிர் அடுக்கும் இடத்தில் நெருப்பு மூட்டும் பண்ணைக்காரர் உலகத்தில் இல்லை. ஆனால் குளிரில் உடை மாற்றும் நடிகைக்கு அது வேண்டும். கூரை மரத்தில் மெழுகுவத்தி, எண்ணெய் விளக்குக் கரி படிந்திருக்கிறதா? அடைத்த சன்னல் எத்தனை? வாசல் எத்தனை? அன்றைய அரங்கத்தில் பாக்ஸுக்கு ஒரு வழி, குழிக்கு ஒரு வழி, காலரிக்குத் தனிப் படி. காசுக்கேற்ற வாசல். கோதுமை மூட்டைக்குள் அந்த ஏற்றத்தாழ்வு கிடையாது.

தரைக்கு அடியிலும் பாருங்கள். மேடையின் கீழே ஆள் குனிந்து நடக்கும் பள்ளம் இருந்தால் அங்கிருந்துதான் பேய்கள் மேலே வந்திருக்கும்.

இவற்றில் ஒன்று மட்டும் கிடைத்தால் போதாது. நாலைந்து சேர்ந்து வந்தால் பேசலாம்.

கே: சுவர் மட்டும் பேசினால் போதுமா? தாளில் ஆதாரம் வேண்டாமா? (வாசகர், சென்னை மயிலாப்பூர்)

ப: சுவரும் தாளும் ஒத்துப்போவதைக் காண்பதைவிட இந்தத் துறையில் பெரிய ஆனந்தம் இல்லை. ஒரு உதாரணம்; கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1567-இல் ஜான் பிரெய்ன் என்ற மளிகை வியாபாரி லண்டன் நகர எல்லைக்கு வெளியே வைட்சாப்பலில் ரெட் லயன் என்ற பண்ணை வளாகத்தில் ஒரு நாடக மேடை கட்டினார். தச்சர் வேலையில் அவருக்குத் திருப்தி இல்லை. வழக்கு வந்தது. வழக்குத் தாளில் அளவு பதிவானது: மேடை நீளம் 40 அடி, அகலம் 30 அடி, உயரம் 5 அடி. சாம்சன் கதையை நாடகமாகப் போடப் போவதாகவும் அதில் இருக்கிறது. அதன்பின் ரெட் லயன் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. 450 ஆண்டுகளாகத் தாளில் மட்டும் வாழ்ந்த மேடை.

2019-இல் வைட்சாப்பலில் வீடுகள் கட்ட இடம் தோண்டுவதற்கு முன் தொல்லியலாளர்கள் அகழ்ந்தார்கள். 144 மரத்துண்டுகள் மிஞ்சிய ஒரு செவ்வக அமைப்பு கிடைத்தது. அளந்தார்கள்: 12.27 மீட்டருக்கு 9.27 மீட்டர். அடியாக மாற்றிப் பாருங்கள். 40 அடியும் 30 அடியும், இரு பக்கமும் ஒரு சாணுக்குக் குறைவான வித்தியாசத்தில்! தச்சரோடு போட்ட சண்டை இல்லாவிட்டால் அந்த அளவு எழுதப்பட்டிருக்காது. அளவு இல்லாவிட்டால் மண்ணுக்குள் கிடந்தது வெறும் மரம். அகழ்ந்தவர்கள் இதுவே ரெட் லயன் என்று கருதுகிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன்.

ஆகவே ஊரில் பழைய கிடங்கு ஒன்று சந்தேகம் எழுப்பினால் பத்திரம், வரி ஏடு, நீதிமன்றப் பதிவு, உரிம ஏடு, சுவரொட்டி எல்லாவற்றையும் தேட வேண்டும். ஆங்கில நாட்டு அரங்கங்களுக்கு இன்னொரு வரமும் உண்டு. ஜேம்ஸ் வின்ஸ்டன் என்பவர் ஊர் ஊராக விவரம் சேகரித்து 1805-இல் 24 அரங்கங்களின் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். படத்தில் உள்ளவற்றில் பல இன்று இல்லை. அவர் சேகரிக்காவிட்டால் அவற்றின் முகமே தெரிந்திருக்காது.

கே: எல்லாப் பழைய கட்டடத்திலும் ஷேக்ஸ்பியர் நடித்தார் என்று சொல்லிவிடுகிறார்களே? (வாசகர், திருச்சி)

ப: நம் ஊரில் ஒவ்வொரு பாறையிலும் பாண்டவர் படுத்ததுபோல! ஆனாலும் ஒரு கட்டடத்தின் கோரிக்கையை நான் தள்ள மாட்டேன். கிழக்குக் கரையில் கிங்ஸ் லின் ஊரில் செயின்ட் ஜார்ஜ் கில்டு மண்டபம். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1445-இலேயே இயேசு பிறப்பு நாடகம் அங்கே நடந்த பதிவு உண்டு. பிற்காலத்தில் வெடிமருந்துக் கிடங்கு, கம்பளிக் கிடங்கு எல்லாம் ஆனது. 1766-இல் உள்ளேயே ஓர் அரங்கம் அமைத்தார்கள். 1945 வாக்கில் இடிபட இருந்ததை ஒரு தனி மனிதர் வாங்கிக் காப்பாற்றினார். 1951-இல் மறுபடி திறந்தது.

ஷேக்ஸ்பியர் விஷயத்துக்கு வருவோம். 1592, 93-இல் லண்டனில் கொள்ளைநோய், அரங்கங்களைப் பூட்டினார்கள். பெம்புரோக் பிரபுவின் நாடகக் கம்பெனி கிளம்பி வெளியூர் போனது. அவர்களுக்கு லின் நகரம் பணம் கொடுத்தது ஊர்க் கணக்கில் இருக்கிறது. அந்தக் கம்பெனி ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் போட்ட கம்பெனி. இது வரைக்கும் கெட்டியான தரை. அந்தக் குழுவில் அவரும் நடந்து வந்தார் என்பது மட்டும் ஊகம். 2023-இல் மண்டபத்தின் தற்காலத் தரையை எடுத்தபோது கீழே ஓர் அடி அகலமும் அரை அடிக் கனமும் உள்ள ஓக் பலகைகள் தெரிந்தன. மர வளையங்களைக் கணக்கிட்டு 1417-க்கும் 1430-க்கும் இடைப்பட்டவை என்றார்கள். அப்படியானால் 1593-இல் நடிகர்கள் மிதித்த தரை இதுதான். அந்தக் கால்களில் ஒரு ஜோடி ஷேக்ஸ்பியருடையதா என்று பலகை சொல்லாது. பெயர் தெரியாத மற்ற நடிகர்களின் கால்களுக்காகவே அந்தப் பலகையை நான் கும்பிடுவேன்.

கே: உலகின் முதல் அரங்கத்துக்கும் ஒரு தானியக் கொட்டகைக்கும் சம்பந்தம் உண்டாமே? (வாசகர், பாளையங்கோட்டை)

ப: உலகின் முதல் என்று நான் சொல்ல மாட்டேன். 1576-இல் ஜேம்ஸ் பர்பேஜ், தன் மைத்துனர் பிரெய்னோடு சேர்ந்து (அதே ரெட் லயன் பிரெய்ன்தான்!) லண்டன் ஷோர்டிச்சில் கட்டிய அரங்கத்துக்குப் பெயரே ‘தி தியேட்டர்’. அதை ஒட்டி நில உரிமையாளரின் பெரிய தானியக் கொட்டகை ஒன்று சாயும் நிலையில் நின்றது. விழாமலிருக்க அதற்கு அரங்கத்தின்மேல் முட்டுக் கொடுத்தார்கள் என்று வழக்கில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கொட்டகை, அரங்கத்தின் தோளில் சாய்ந்து நின்ற காலம் அது. 1598 டிசம்பர் இறுதியில் குத்தகைச் சண்டையில் அந்த அரங்கத்தின் மரங்களைக் கழற்றி எடுத்துப் போனார்கள். தேம்ஸின் தென்கரையில் அவை 1599-இல் குளோப் அரங்கமாக எழுந்தன.

கே: கலை வளர்த்த இடத்தில் மூட்டை அடுக்கியது அவமானம் இல்லையா? (வாசகி, மதுரை)

ப: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை. மூட்டை அடுக்கியவருக்கு நன்றி சொல்லும் கட்சிக்கு மாறிவிட்டேன்.

தொடர்ந்து நாடகம் நடந்த அரங்கங்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். லண்டன் காவண்ட் கார்டன் அரங்கம் 1808-இல் எரிந்தது, கட்டினார்கள், 1856-இல் மறுபடியும் எரிந்தது. ட்ரூரி லேன் 1809-இல் எரிந்தது. எக்ஸிட்டர் தியேட்டர் ராயலில் 1887 செப்டம்பர் 5 இரவு பற்றிய தீயில் 186 பேர் மாண்டார்கள். மெழுகுவத்தி, பிறகு எரிவாயு, எங்கும் துணிப் படுதா. நெருப்புக்கு விருந்து வைத்த வீடு. எரியாமல் தப்பியவற்றையும் விட்டுவைத்தார்களா? புதுப் பாணி, புது நாற்காலி, புது மேடை என்று முதலாளிக்குக் காசு வரும்போதெல்லாம் உள்ளே உடைத்துக் கட்டினார்கள். பழைய உருவம் போய்விட்டது.

கிடங்குக்காரர் எதையும் இடிக்கவில்லை. அவருக்குத் தேவை கூரையும் பூட்டும். கூரை ஒழுகினால் சரக்கு நனையும், ஆகவே ஓட்டை மாற்றினார். விளக்கு ஏற்றவில்லை, ஆகவே தீப்பிடிக்கவில்லை. அலங்காரத்துக்குச் செலவழிக்க ஆசை இல்லை, ஆகவே பழைய மரம் மரமாகவே இருந்தது.

பரி செயின்ட் எட்மண்ட்ஸ் தியேட்டர் ராயலைப் பாருங்கள். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தைக் கட்டிய வில்லியம் வில்கின்ஸ் 1819-இல் கட்டியது. ‘சார்லிஸ் ஆன்ட்’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நாடகம் 1892-இல் முதல்முதலாக அரங்கேறியது அங்கேதான். 1925-இல் மூடினார்கள். கிரீன் கிங் மது ஆலை அதில் நாற்பது ஆண்டு பீப்பாய் வைத்தது. 1965-இல் பீப்பாய்களை உருட்டி வெளியே எடுத்தார்கள். அரங்கம் உள்ளே காத்திருந்தது.

கே: உள்ளே இருந்த திரை, படுதா, இயந்திரம் எல்லாம் முழுதாகக் கிடைத்த இடம் எங்காவது உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: உண்டு, ஸ்வீடனில். ஸ்டாக்ஹோமுக்கு அருகே ட்ராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கம். 1766-இல் கட்டியது. நாடகப் பித்தரான மன்னர் மூன்றாம் குஸ்டாவ் காலத்தில் அது ஜொலித்தது. 1792-இல் ஸ்டாக்ஹோம் ஆப்பெராவில் முகமூடி நடனத்தின்போது அவரைச் சுட்டார்கள். அவரோடு அரங்கத்தின் மூச்சும் நின்றது. பழைய சாமான் போடும் இடமாகச் சுருங்கி, அது என்ன கட்டடம் என்பதே மங்கிப்போனது.

1921-இல் ஆக்னே பெய்யர் என்ற இளம் ஆய்வாளர் ஒரு ஓவியத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். தூசிக்குள் மேடை, படுதாக்கள், சக்கரங்கள். கல் உருண்டு இடி முழக்கும் மரப்பெட்டி, முறுக்கிய தண்டுகள் சுழன்று கடலலை காட்டும் பொறி, மேகத்தில் தெய்வம் இறங்கும் நாற்காலி. கயிறுகளைப் புதிதாக மாற்றினார்கள், விளக்குக்கு மின்சாரம் கொடுத்தார்கள். 1922-இல் அந்தச் சக்கரங்கள் சுற்றின. இன்றும் கோடையில் அங்கே ஆப்பெரா நடக்கிறது. குளிர்காலத்தில் சூடேற்றும் வசதி இல்லை, மரத்துக்கு அது ஆகாது என்பதால். 1991 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதி.

ரிச்மண்டிலும் ஒரு புதையல் இருக்கிறது. 1818-க்கும் 1836-க்கும் இடையே வரைந்த காட்டுக் காட்சி. ஒரு பக்கம் காடு. திருப்பினால் நீல நிற வரவேற்பறை. பிரிட்டனில் மிஞ்சிய மிகப் பழைய மேடைக் காட்சித் தொகுப்பு அது.

கே: தானியக் கொட்டகை அரங்கமான கதை உண்டா? (வாசகி, தூத்துக்குடி)

ப: கென்ட் மாவட்டத்தில் ஸ்மால்ஹைத். பெரும் நடிகை எலன் டெர்ரி அங்கே வாழ்ந்து 1928-இல் மறைந்தார். மகள் ஈடித் கிரெய்க் அடுத்த ஆண்டு வீட்டருகே இருந்த 17-ஆம் நூற்றாண்டுக் கொட்டகையை அம்மா நினைவாக அரங்கம் ஆக்கினார். ஓலைக் கூரை, மர உத்தரம், அதற்குக் கீழே நாடகம். அம்மாவுக்குப் பளிங்கில் சிலை வைத்திருக்கலாம். மகள் மேடை வைத்தாள்.

கே: எங்கள் ஊரில் ஒரு அரிசிக் குடோன். “அந்தக் காலத்தில் பாய்ஸ் கம்பெனி நாடகம் நடந்த கொட்டகை” என்று என் பாட்டி சொல்வார். இப்போது இடித்துக் கடைகள் கட்டப் போகிறார்களாம். நான் என்ன செய்யலாம்? (வாசகர், தஞ்சை மாவட்டம்)

ப: இன்றைக்கே கிளம்புங்கள். முதலில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்யுங்கள். நாடகத்தின் பெயர், யாரோடு போனார், எந்த வாசல் வழியாக நுழைந்தார், பெண்களுக்குத் தனி இடம் எந்தப் பக்கம், தரை டிக்கெட் எவ்வளவு. பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் வரும். வாசலையும் படியையும் கேளுங்கள். அதைக் கட்டடத்தில் ஒத்துப் பார்க்கலாம்.

பிறகு உரிமையாளரிடம் மரியாதையாக அனுமதி கேட்டு அளவெடுங்கள், எல்லாச் சுவரையும் படமெடுங்கள். இடிக்கவே போகிறார் என்றாலும் படமெடுக்க மறுப்பவர் குறைவு. மேடை உயரம், பக்கச் சுவரில் படுதா உருளைக்குப் போட்ட இரும்பு வளையம், டிக்கெட் ஜன்னல் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள்.

தாளுக்கு வருவோம். பொதுமக்கள் கூடும் கட்டடங்களுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் 1888-லேயே சட்டம் உண்டு. ஆகவே நகராட்சி, வட்டாட்சியர் அலுவலகப் பழைய கோப்புகளில் சுவடு இருக்கலாம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அங்கே நாடக நோட்டீஸ்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவ்வை தி.க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யையும் எடுத்துப் படியுங்கள். எந்த ஊருக்குக் கம்பெனி போனது என்று ஊர் ஊராக எழுதியிருக்கிறார். உங்கள் ஊர் அதில் இருந்தால் பாட்டியிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

கே: எல்லாம் தேடிப் பார்த்த பிறகு, அது வெறும் தானியக் கொட்டகைதான் என்று தெரிந்தால்? (வாசகர், சேலம்)

ப: ‘வெறும்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வர்த் என்ற ஊரில் 1426-இல் எழுப்பிய தானியக் கொட்டகை நிற்கிறது. 58 மீட்டர் நீளம். உள்ளே ஓக் தூண்கள் இரு வரிசை, பெரிய தேவாலயத்துக்குள் நுழைந்ததுபோல. அங்கே எவரும் நாடகம் நடித்ததாகச் சொல்வதில்லை. பாழாகிக்கொண்டிருந்ததை அரசின் பாரம்பரிய அமைப்பு வாங்கிச் செப்பனிட்டு மக்களுக்குத் திறந்துவிட்டது. ஆறு நூற்றாண்டுச் சோற்றைத் தாங்கிய கூரை அது.

கே: ரிச்மண்ட் அரங்கத்துக்கு உங்களுக்கு இலவச டிக்கெட் கிடைத்தால் எங்கே உட்காருவீர்கள்? பாக்ஸா, குழியா? (வாசகி, புதுச்சேரி)

ப: காலரியில். அதுவும் முன்வரிசையில், உதைப்பலகைக்குப் பக்கத்தில். முன்பு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அன்றைக்கு மலிவு டிக்கெட் வாங்கியவர்கள், நாடகம் பிடிக்காவிட்டால் தங்களுக்கு முன்னால் உள்ள அந்தப் பலகையைக் காலால் உதைத்துச் சத்தம் எழுப்புவார்கள். தச்சர்களோ, கூலிக்காரர்களோ, வீட்டு வேலைக்காரப் பெண்களோ, ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. நாடகம் தொடங்குமுன் குனிந்து அந்த மரத்தை ஒரு முறை கையால் தடவிப் பார்ப்பேன்.